மூன்று அரசுகள், ஒரு பயணம்: க்வாசுலு-நடால் சட்டமன்றம் போக்குவரத்தில் எதை ஆராய வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நடால் மாகாணத்தில் சாலை, பஸ், ரயில், டாக்சி எதைப் பற்றிக் குறை சொல்லப் போனாலும் முதலில் கிடைக்கும் பதில், "அது எங்கள் கையில் இல்லை" என்பதுதான். எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. என்-2, என்-3 நெடுஞ்சாலைகள் சன்ரல் எனப்படும் தேசியச் சாலை நிறுவனத்தின் பொறுப்பு. பி, டி, எல் என்ற எழுத்துகளோடு எண் போட்ட சாலைகள் மாகாணத்துக்குச் சொந்தம். டர்பன் நகரத் தெருக்கள் எதெக்வினி மாநகராட்சியைச் சேர்ந்தவை. புறநகர் ரயில் பிராசாவிடம், சரக்கு ரயிலும் துறைமுகமும் டிரான்ஸ்நெட்டிடம். இரண்டும் தேசிய அரசின் நிறுவனங்கள். மானிய பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போடுவது மாகாணம், பணம் வருவது தேசியக் கருவூலத்திலிருந்து. டாக்சிக்கு உரிமம் தருவது மாகாணம், டாக்சி நிற்கும் ராங்கைக் கட்டுவது மாநகராட்சி. அந்த ராங்கில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று தீர்மானிப்பதோ இவர்களில் யாருமில்லை, டாக்சி சங்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் புறநகரிலுள்ள க்ராஸ்மூரிலிருந்து தெற்கே ப்ராஸ்பெக்டனில் உள்ள தொழிற்சாலைக்கு அதிகாலைப் பணிக்குப் போகிறவர், வீட்டு வாசலிலிருந்து மாநகராட்சி நடைபாதையில் இறங்கி, மாகாண உரிமம் பெற்ற வண்டியில் ஏறி, தேசிய நெடுஞ்சாலையில் போய் இறங்குகிறார். அவருக்கு அது ஒரே பயணம். ஆட்சி அமைப்புக்கு அது மூன்று கோப்பு.

அந்த மூன்று கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஓர் இடத்துக்கு உண்டு: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் 80 உறுப்பினர் கொண்ட மாகாணச் சட்டமன்றம். 1996 அரசியலமைப்பில், பொதுப் போக்குவரத்து தேசிய அரசுக்கும் மாகாணத்துக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. மாகாணச் சாலைகள் மாகாணத்தின் தனி அதிகாரம். 114-ஆம் பிரிவு, மாகாண நிர்வாகத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைச் சட்டமன்றம் செய்தே ஆக வேண்டும் என்கிறது. 115-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. சட்டமன்றமோ அதன் குழுவோ யாரையும் சாட்சியம் சொல்ல அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், எந்த நிறுவனத்தையும் அறிக்கை தரச் சொல்லலாம், பொதுமக்களின் மனுக்களை வாங்கலாம். "யாரையும்" என்பதில் சன்ரலும் பிராசாவும் டாக்சி சங்கங்களும் அடக்கம் என்றுதான் நான் படிக்கிறேன்.

நடப்பில் என்ன ஆகிறது? போக்குவரத்துக் குழுவின் ஆண்டு, நிதிநிலை அறிக்கையைச் சுற்றியே ஓடுகிறது. ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கும். போக்குவரத்துத் துறைக்கான ஒதுக்கீடு 12-ஆம் எண் கோரிக்கையாக அவைக்கு வரும். பிறகு காலாண்டுக்கொரு அறிக்கை, ஆண்டறிக்கை, தலைமைத் தணிக்கையாளரின் குறிப்பு. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, விதிப்படி செலவானதா? இந்தக் கேள்விகள் தேவைதான். ஆனால் துறை எதைச் செய்கிறதோ அதைப் பற்றி மட்டுமே இவை கேட்கும். யாருமே செய்யாமல் விட்டதைப் பற்றிக் கேட்க இந்த அட்டவணையில் நாள் கிடையாது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் வழக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான், 140 நாள் கூடும். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு குழுவும் எதை ஆராய வேண்டும் என்று அவைத் தலைவர் எழுத்தில் பட்டியல் கொடுக்கிறார். சாலை நிதி, சரக்கு லாரிகளின் எடை, துறைமுக இணைப்பு என்று தலைப்புகள் முன்கூட்டியே வெளியே தெரியும். அந்தத் துறையில் வேலை செய்பவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் தயாராக வரலாம். டெக்சஸின் அரசியலைக் கடன் வாங்க வேண்டியதில்லை, இந்தப் பட்டியல் போடும் பழக்கத்தை மட்டும் வாங்கினால் போதும். 2024 மே தேர்தலுக்குப் பிறகு இங்கே கூட்டணி அமைந்தபோது அதற்கு அவையில் 41 இடம், எதிரே 39. ஒரே ஒரு உறுப்பினர் இடம் மாறினாலே கணக்கு மாறிவிடும் அவையில், இரு தரப்பும் முகம் சுளிக்காமல் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஆய்வுதான்.

அப்படியானால் பட்டியலில் முதலில் எது வர வேண்டும்? என்-3 விரிவாக்கம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் அந்தப் பெரிய வேலைக்கு சன்ரலில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, தொலைக்காட்சிக் கேமராக்கள்கூட இருக்கின்றன. நெரிசலில் மாட்டிக்கொள்கிற நமக்குக் கோபம் வருவது நியாயம். சட்டமன்றம் அங்கே கூடுதலாகக் கண்டுபிடிக்கப் போவது குறைவு. ஆராயப்படாமல் கிடப்பது டாக்சியும் பஸ்ஸும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே டாக்சி என்றால் கை காட்டி நிறுத்தித் தனியாக ஏறிப்போகும் கார் அல்ல. ஊர்ப்பக்கத்து ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பதினாறு பேர் உட்காரும் வெள்ளை டொயோட்டா வேன், குறித்த தடம், நிரம்பினால்தான் புறப்படும். தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருப்பதுபோல இங்கே மாகாணத்துக்குச் சொந்தமாக ஒரு பஸ்கூடக் கிடையாது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பப் பயணக் கணக்கெடுப்பின்படி, பொதுப் போக்குவரத்தில் வேலைக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் போவது டாக்சியில். பஸ்ஸும் ரயிலும் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மானியமோ தலைகீழ். ரயிலுக்கு உண்டு, ஒப்பந்த பஸ்ஸுக்கு உண்டு, டாக்சிக்கு அன்றாட ஓட்டத்துக்கான மானியம் ஒரு சென்ட்கூட இல்லை. 2006-இல் தொடங்கிய டாக்சி மறுமூலதனத் திட்டம் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் ஒரு தொகை தந்தது. ஆரம்பத்தில் அது 50,000 ராண்ட். அது வண்டிக்கான காசு, பயணிக்கானது அல்ல. பஸ்ஸுக்கான தேசிய மானியம் இன்று ஆண்டுக்கு 700 கோடி ராண்டுக்கு மேல், மாகாணங்கள் வழியாகப் போகிறது.

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும். நிறவெறி அரசு மக்களை வேலை செய்யும் இடத்திலிருந்து வெகு தொலைவுக்குத் துரத்தியது. துரத்திய பிறகு அவர்கள் காலையில் வேலைக்கு வந்தாக வேண்டுமே? அதற்காக 1957-இல் கறுப்பினத் தொழிலாளரின் பஸ் கட்டணத்துக்கு மானியம் தரச் சட்டம் வந்தது. 1972-இல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனிச் சட்டம். 1950-இன் குழுப்பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் நகரத்தின் மற்ற மூலைகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள், அறுபதுகளில் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கும் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வடக்கே ஃபீனிக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன. பஸ் முதலாளிகளாக இருந்தவர்களும் அவர்களோடு போனார்கள். பெயர் எழுதி, படம் வரைந்து, தெருக்கோடி வரை பாட்டு கேட்கும்படி ஓடிய சாட்ஸ்வொர்த் பஸ்கள் அந்த வம்சம்தான். பிறகு 1988-இல் போக்குவரத்துக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் வந்தது, பதினாறு இருக்கை வேனுக்கு உரிமம் எளிதானது, டாக்சிகள் பெருகின. மானியம் மட்டும் பழைய தடத்திலேயே நின்றுவிட்டது.

2009-இல் இன்னொரு திருப்பம். அதுவரை பஸ் மானியத்தில் பயணச்சீட்டுக் கணக்கு பெரிய பங்கு வகித்தது. அதன் பிறகு ஓடிய கிலோமீட்டருக்கு என்று மாறியது. காகிதத்தில் நல்ல காரணம் உண்டு: போலிச் சீட்டுக் கணக்கு காட்டி ஏமாற்ற முடியாது. ஆனால் கிலோமீட்டருக்குக் காசு என்றால், நிறைய பேரை ஏற்றினாலும் காலியாக ஓடினாலும் மானியம் ஒன்றுதான். ஒப்பந்தங்கள் முறையாக மறு ஏலம் விடப்படாமல் ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், தொண்ணூறுகளில் வரைந்த தடங்கள் பல இன்னும் அப்படியே. ஊர் மாறிவிட்டது. டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் கடைவளாகங்களும் அலுவலகங்களும் வந்தன, கார்னூபியா என்ற புதுக் குடியிருப்பு முளைத்தது, விமான நிலையம் 2010-இல் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு இடம் பெயர்ந்தது. ஃபீனிக்ஸிலிருந்து உம்லாங்காவுக்குப் பக்கவாட்டில் போக வேண்டிய பெண்ணுக்கு, நகர மையத்துக்கு ஆள் கொண்டுபோகவென்று போட்ட பழைய தடத்தால் என்ன பயன்?

ஆகவே குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி மிகவும் எளிது. மாகாணம் மானியம் தரும் ஒவ்வொரு தடத்திலும் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பயணிகள்? அந்தப் பட்டியலைத் தடவாரியாக வெளியிடச் சொன்னாலே பாதி வாக்குவாதம் முடிந்துவிடும். அடுத்த கேள்வி கடினமானது: அதே காசை டாக்சிப் பயணிக்கும் தர முடியுமா? 2020 அக்டோபரில் நடந்த தேசிய டாக்சி மாநாட்டிலும் இது பேசப்பட்டது. சிக்கல் வண்டியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் ஓட்டுநர் முதலாளிக்கு நாளுக்கோ வாரத்துக்கோ குறித்த தொகையைக் கட்ட வேண்டும், மிச்சம்தான் அவருக்கு. வேகமும், நிரம்பும்வரை காத்திருப்பதும், முன்னால் போகும் வண்டியை முந்துவதும் அந்த ஏற்பாட்டிலிருந்து பிறக்கின்றன. கட்டணம் ரொக்கம்; ரசீது கிடையாது. கணக்கே இல்லாத இடத்தில் அரசு எதை அளந்து மானியம் தரும்? பயணியின் கையில் அட்டை கொடுத்து அவர் எதில் ஏறினாலும் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் தரும் சங்கங்களுக்கு மட்டும் மானியம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. முதலாவது வண்டியோட்டும் முறையைத் தொடாமலே காசைக் கொட்டிவிடும். எதுவானாலும், தேசிய அரசு முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல் ஒரு தடத்தில் சோதித்துப் பார்க்க ஒப்பந்த அதிகாரம் உள்ள மாகாணத்தால் முடியும்.

தேசிய அரசுக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிலப் போக்குவரத்துத் திருத்தச் சட்டமே சாட்சி. 2016-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, நடுவில் குடியரசுத் தலைவரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2024 ஜூனில்தான் கையெழுத்தானது. ஊபர், போல்ட் போன்ற செயலி வண்டிகளுக்கான விதிகள் 2025 செப்டம்பரில் வந்தன. அதற்குள் டர்பன் கடைவளாக வாசல்களில் டாக்சிக்காரர்களுக்கும் செயலி ஓட்டுநர்களுக்கும் இடையே நடந்த அடிதடிகளுக்குக் கணக்கில்லை.

1996-இன் தேசியப் போக்குவரத்து வெள்ளை அறிக்கை ஓர் அளவுகோலை வைத்தது: பயணி தன் கைக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கு மேல் பயணத்துக்குச் செலவிடக் கூடாது. எவ்வளவு அழகான, அளக்கத்தக்க வாக்கு! இந்த மாகாணத்தில் அது எத்தனை பேருக்குப் பலித்தது என்று ஆண்டுதோறும் அவையில் ஒரு பக்கம் வைக்கச் சொல்ல, குழுவுக்கு ஒரு தீர்மானம் போதும்.

ரயிலைப் பற்றிப் பேசும்போது இந்த ஊர்த் தமிழருக்குக் கொஞ்சம் உரிமை தூக்கலாகவே வரும். தென்னாப்பிரிக்காவின் முதல் நீராவி ரயில் டர்பனில் 1860 ஜூன் 26-இல் ஓடியது. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு வந்த ட்ரூரோ கப்பல் அதே ஆண்டு நவம்பர் 16-இல் அதே துறைமுகத்தை அடைந்தது. பின்னால் நடால் அரசு ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளரை வைத்துக்கொண்ட பெரிய முதலாளிகளில் ஒன்றாக ஆனது. தண்டவாளம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் நம்மவர் வியர்வை உண்டு.

அந்த ரயில் இன்று இருக்கும் நிலை தெரிந்ததே. நாடு முழுவதும் 2008-09-இல் புறநகர் ரயிலில் ஏறத்தாழ 64 கோடி பயணங்கள். 2024-25-இல், மீண்டு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லப்படும் நிலையிலேயே, 8 கோடிக்கும் கீழே. 2020 ஊரடங்கில் காவல் இல்லாத நிலையங்களில் செம்புக் கம்பி போயிற்று, கூரை போயிற்று, சில இடங்களில் சுவரும் போயிற்று. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் பக்கத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை 400-க்கு மேற்பட்ட உயிர்களை வாங்கியதோடு, தண்டவாளத்தின் அடிமண்ணையும் அரித்துக்கொண்டு போனது. சாட்ஸ்வொர்த்தின் க்ராஸ்மூர் தடத்தை வரைபடத்தில் பாருங்கள். மெரிபேங்க் பக்கம் இறங்கி தெற்குக் கடற்கரைத் தடத்தோடு சேர்கிறது. அதாவது நேராகத் தொழிற்சாலைகளின் வாசலுக்கு. ரயில் படுத்தால், இரண்டாம் பத்தியில் சொன்ன ப்ராஸ்பெக்டன் தொழிலாளிக்கு டாக்சியை விட்டால் வேறு கதி இல்லை. ரயில் சீட்டைப் போலப் பல மடங்கு செலவு.

பிராசா மாகாணத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பது உண்மை. ஆனால் எந்தத் தடம் முதலில் திறக்கப்படும் என்பதற்கு பிராசாவிடம் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைக்கு என்ன காரணம் என்று அழைத்துக் கேட்க 115-ஆம் பிரிவு போதும். கூடவே, ரயில் திரும்பும் தடத்தில் மாகாணத்தின் மானிய பஸ் அதே பாதையில் போட்டியாக ஓடப் போகிறதா, நிலையத்துக்கு ஆள் கொண்டுவரும் குறுந்தடமாக மாறப் போகிறதா என்பதை முடிவு செய்ய வேண்டியது மாகாணம்தான். பிரிட்ஜ் சிட்டியில் ஃபீனிக்ஸ், குவாமாஷு, இனாண்டா மூன்றுக்கும் நடுவே கடைவளாகத்துக்கு அடியில் நிலத்தடி ரயில் நிலையமே கட்டியிருக்கிறார்கள். மேலே டாக்சி, கீழே ரயில். இரண்டுக்கும் ஒரே சீட்டு என்பது இன்னும் பேச்சளவில்.

இனி, எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மிகக் கனமாகப் படுவது. 2022 செப்டம்பர் 16, மாகாணத்தின் வடக்கே உள்ள பொங்கோலா. என்-2-இல் தடம் மாறி எதிரே வந்த லாரி ஒரு பிக்கப் வண்டியில் மோதியது. 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஓட்டுநருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, அத்தோடு கோப்பு மூடப்பட்டது. ஆனால் அந்த ஒரே விபத்துக்குள் எத்தனை கொள்கைகள் மோதின என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் அந்தச் சாலையில் அவ்வளவு லாரி? டிரான்ஸ்நெட்டின் சரக்கு ரயில் 2017-18-இல் 22.6 கோடி டன் ஏற்றியது. 2022-23-இல் அது 15 கோடி டன்னுக்கும் கீழே விழுந்தது. இன்ஜின் இல்லை, கம்பி திருட்டு, பராமரிப்பு இல்லை. ரயிலில் போக வேண்டிய நிலக்கரி லாரியேறி ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போனது, வழியிலிருந்த ஊர்கள் எல்லாவற்றின் வழியாகவும். அந்த எடைக்குக் கட்டாத மாகாணச் சாலைகள் நொறுங்கின. நொறுங்கிய சாலையைச் சரிசெய்யும் செலவு மாகாணத்தின் தலையில். ரயிலைக் கெடுத்தது தேசிய நிறுவனம். லாரிக்காரர் கட்டும் எரிபொருள் வரி போவது தேசியக் கருவூலத்துக்கு.

பிள்ளைகள் ஏன் பிக்கப்பின் பின்புறத்தில்? சரக்கு ஏற்றும் பகுதியில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவது 2017 மே முதலே சட்டவிரோதம். பெற்றோருக்கு அது தெரியாமல் இல்லை. பள்ளி தூரம், மாணவர் பஸ் இல்லை, இருக்கிற வண்டிக்குக் காசு கட்டி அனுப்புகிறார்கள். மாணவர் போக்குவரத்துக்கான தேசியக் கொள்கை 2015-இலேயே வந்துவிட்டது. இந்த மாகாணத்தில் அதன் பணம் கல்வித் துறையின் கணக்கில், வண்டி ஏற்பாடு போக்குவரத்துத் துறையின் கையில். இரண்டுக்கும் நடுவே விழுந்த இங்குத்து வட்டாரப் பள்ளிகள் பன்னிரண்டுக்காக ஈக்வல் எஜுகேஷன் அமைப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் போய், 2017 நவம்பரில் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வழக்குப் போட வேண்டிய நிலை என்றால், கண்காணிக்க வேண்டிய குழு அதுவரை என்ன கேட்டுக்கொண்டிருந்தது?

சரக்கு ரயில், மாகாணச் சாலை, மாணவர் வண்டி: மூன்றும் மூன்று குழுக்களின் முன் தனித்தனியாக வருகின்றன. கல்விக் குழுவும் போக்குவரத்துக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, டிரான்ஸ்நெட்டையும் அழைத்து, பொங்கோலாவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே வரையிலான அந்த ஒரே சாலையை மட்டும் ஆராய்ந்தால் போதும். எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் எதில் வருகிறார்கள், எந்த நேரத்தில் எத்தனை லாரி, பள்ளி விடும் நேரத்தில் கனரக வண்டிகளை நிறுத்த முடியுமா? முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் லாரி ஒன்று கட்டுப்பாடிழந்து டாக்சிகளின் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கனரக லாரிகளுக்கு அந்த இறக்கம் மூடப்பட்டது. இருபது உயிர் போன பிறகு வந்த அறிவை முன்கூட்டியே வரவழைப்பதுதானே ஆய்வின் வேலை.

ஆராயாமல் போட்ட திட்டங்களுக்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுடெங் மாகாணத்தில் 2013 டிசம்பரில் மின்னணுச் சுங்கம் தொடங்கியது. மக்கள் கட்ட மறுத்தார்கள். பத்தாண்டு இழுத்து 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. கடனில் 30 சதவீதம் இப்போது அந்த மாகாணத்தின் தலையில். சாலை தேசிய நிறுவனத்துடையது, பில் மாகாணத்துக்கு. டர்பன் மட்டும் இளைத்ததா? மாநகராட்சி தன் பஸ்களை 2003-இல் 7 கோடி ராண்டுக்குத் தனியாருக்கு விற்று, சில ஆண்டுகளிலேயே 40.5 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கியது. விற்கும்போது யாராவது கேட்டிருந்தால் என்று இப்போது பெருமூச்சு விடலாம். கோ டர்பன் விரைவு பஸ் திட்டமும் இந்த வரிசைதான். பைன்டவுனிலிருந்து குவாமாஷு வரை தனித்தடம், நிலையங்கள் எல்லாம் கட்டியாயிற்று. அந்தத் தடத்து டாக்சி முதலாளிகளை எப்படிப் பங்குதாரர் ஆக்குவது என்பது முடிவாகாததால் புத்தம் புதிய நிலையங்கள் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. சிமென்ட் முதலில், பேச்சு பிறகு. டாக்சித் தொழிலோடு செய்யும் ஒப்பந்தம்தான் திட்டத்தின் அடித்தளம் என்று ஒரு நல்ல ஆய்வு ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கும்.

கட்டுமான இடங்களில் வேலையை நிறுத்தி முப்பது சதவீதம் பங்கு கேட்கும் கும்பல்கள் இந்த மாகாணத்தில்தான் முதலில் தலையெடுத்தன. 2024 நவம்பரில் டர்பனில் தேசிய மாநாடு கூடி அதற்கு எதிராக அறிக்கை கையெழுத்தானது. பாலம் தாமதமாவதற்கு மழையைக் காரணம் காட்டும் காலாண்டு அறிக்கைகளில் இதுவும் ஒரு நிரலாக வர வேண்டும். அதற்கு மேல் இது போலீஸ் வேலை.

கிராமப்புறம் பற்றிச் சுருக்கமாக. மாகாணச் சாலைகளில் பெரும்பகுதி இன்னும் மண் சாலை. அதில் ஒரு விஷயம் மெச்சத்தக்கது: ஜிபாம்பேலே என்ற திட்டம். ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களுக்கு, ஆளுக்கொரு துண்டுச் சாலையை ஒப்படைத்து, வடிகால் சுத்தம் செய்ய, புல் வெட்ட, குழி மூட மாதக் கூலி தருவது. இருபது ஆண்டுக்கு மேலாக ஓடுகிறது. 2022 வெள்ளத்தில் ஜிபாம்பேலே பராமரித்த சாலைகள் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்தனவா? வடிகால் தூர்வாரியிருந்தால் சாலை நிற்கும் என்று நான் நம்புகிறேன். அதை எண்ணிக்கையோடு காட்டும் வேலையைக் குழு துறையிடம் ஒப்படைக்கலாம்.

நகரத்தில் நடப்பவர்களைப் பற்றி யார் கேட்கிறார்கள்? நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சாலைச் சாவுகள். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் நடந்து போனவர்கள். மவுண்ட் எட்ஜ்கூம் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். என்-2-உம் எம்-41-உம் சந்திக்கும் அந்த இடத்தில் 2018-இல் முடிந்த பாலங்களில் ஒன்று 948 மீட்டர் நீளம். பொறியியல் சாதனை என்று கொண்டாடப்பட்டது, கொண்டாட வேண்டியதுதான். அதற்கு அருகில்தான் 1890-இல் கரும்புத் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய மாரியம்மன் கோயில். புனித வெள்ளியன்று அம்மனுக்குப் பொங்கல் வைக்க வரும் கூட்டத்தில், இடுப்பில் பிள்ளையும் கையில் பால் சொம்புமாகச் சாலையோரம் நடந்து வரும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சந்திப்பு காருக்காகவே சிந்திக்கப்பட்டது என்று. ஈஸ்டர் வார இறுதியில் சாலைப் பாதுகாப்பு என்று மாகாணம் ஆண்டுதோறும் சோதனைச் சாவடி போடுகிறது. அதே வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் இடங்களின் பட்டியல் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டால் தப்பில்லை. ஷெம்பே திருச்சபை பக்தர்களின் ஜனவரி மலை யாத்திரைக்கும் இதே கேள்விதான்.

இவ்வளவையும் குழுவின் காதில் போடுவது எப்படி? 118-ஆம் பிரிவின்படி பொதுமக்கள் பங்கேற்புக்கு வழி செய்வது சட்டமன்றத்தின் கடமை, சலுகை அல்ல. இந்தப் பாடத்தை க்வாசுலு-நடால் சட்டமன்றம் செலவு செய்தே கற்றது. மட்டடியேலே என்ற பகுதியைக் கிழக்குக் கேப் மாகாணத்துக்கு மாற்றிய அரசியலமைப்புத் திருத்தம், இந்தச் சட்டமன்றம் அந்தப் பகுதி மக்களைக் கேட்கவில்லை என்ற காரணத்தால் 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் செல்லாதது ஆயிற்று. எல்லையைப் பற்றியே மக்களைக் கேட்க வேண்டும் என்றால், அவர்கள் தினமும் ஏறும் வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டாமா?

கேட்கும் இடமும் நேரமும் முக்கியம். வேலை நாளில் காலை பத்து மணிக்கு மண்டபத்தில் நடக்கும் விசாரணைக்கு வருகிறவர்கள் கட்சிக்காரர்களும் ஓய்வூதியர்களும்தான். மானிய பஸ்ஸையும் டாக்சியையும் பற்றிய விசாரணையை டர்பன் நகர மையத்தின் வார்விக் சந்திப்பில் மாலை நான்கிலிருந்து ஏழு வரை வைக்கலாம். நாளொன்றுக்கு லட்சக்கணக்கானோர் அந்த வழியாகத்தான் வண்டி மாறுகிறார்கள். தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், மெரிபேங்க் ஒவ்வொன்றிலும் யார் எங்கிருந்து எங்கே, எதில், எவ்வளவு கொடுத்துப் போகிறார்கள் என்பதை ஒரு வாரம் எழுதி வாங்கி மனுவாகக் கொடுப்பது. எழுத்தில் வந்த மனுவைச் சட்டமன்றச் செயலகம் பதிவு செய்து உரிய குழுவுக்கு அனுப்பும். 12-ஆம் கோரிக்கை அவையில் விவாதத்துக்கு வருமுன் கொடுத்துவிட்டால் உறுப்பினர்கள் அமைச்சரிடம் கேள்வி கேட்கும்போது அது அவர்கள் கையில் இருக்கும்.